மூக்குக்குத் தெரியாத காற்று

போன டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஒரு பழைய காட்டேஜில் இரண்டு ராத்திரி. ஹாலில் கல் வைத்துக் கட்டிய கணப்பு. விறகு கொடுத்தார்கள், பற்ற வைத்தோம், புகை ஒழுங்காக மேலே போனது. ஒன்பது மணிக்கு மேல் குளிர் தாங்கவில்லை. ஜன்னல்களைச் சாத்தி, கதவு இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் வெந்நீரில் குளிக்கப் போனாள். போகும்போது பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். இரண்டே நிமிஷத்தில் கணப்புப் புகை ஹாலுக்குள் இறங்கிவிட்டது.

ஃபேனை நிறுத்தினோம், புகை மேலே போனது. மறுபடி போட்டேன், மறுபடி உள்ளே வந்தது. மூன்றாவது தடவை டெஸ்ட் பண்ணும்போது மனைவி திட்டினாள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே போனில் காரணம் தேடினேன்.

காரணத்தை எனக்குத் தெளிவாக விளக்கியது எந்தக் கட்டடப் பொறியியல் பாடப்புத்தகமும் இல்லை. வெளிநாட்டில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள்! அறைக்குள் அழுத்தம் குறைந்தால் காற்று எந்தப் பக்கம் ஓடும், ஃபேனை எங்கே வைக்க வேண்டும், எந்தக் குழாய் வளைவில் எவ்வளவு இழப்பு என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். அதன் பிறகு சில மாதங்கள் இந்த வகை எழுத்தை, புத்தகங்களும் கையேடுகளுமாக, தேடித் தேடிப் படித்தேன். படித்ததைப் பற்றிய விமர்சனம்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு விஷயம். நம்ம ஊரில் இது குற்றம். 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ம் பிரிவுப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் 10 வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரே ஒரு தொட்டிச் செடிதானே என்ற சலுகை எல்லாம் கிடையாது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு நான்கு செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து பெரியவர் ஒருவருக்கு மூன்று செடி என்று அனுமதி இருக்கிறது. எனக்கு வளர்க்கும் ஆசை இல்லை. வளர்க்கச் சொல்லித் தரவும் போவதில்லை. எனக்கு ஆர்வம் அந்த அறையின் காற்றில் மட்டும்.

அந்த எழுத்தில் என்ன நல்லது

நான் படித்தவற்றின் சாரம் இதுதான். மூடிய அறை, உள்ளே சூடான விளக்கு, செடி விடும் ஈரம், பூக்கும் பருவத்தில் ஊரைக் கூட்டும் வாசனை. இதற்கு மூன்று பொருள் போதும்: காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், அதற்கு முன்னால் கரி நிரப்பிய ஃபில்டர், இரண்டையும் இணைக்கும் குழாய். உள்ளே வருவதைவிட வெளியே போகும் காற்று அதிகமாக இருந்தால் அறைக்குள் அழுத்தம் லேசாகக் குறையும். அப்புறம் எந்த இடுக்கிலும் காற்று உள்ளேதான் வருமே தவிர வெளியே போகாது. வெளியேற ஒரே வழி ஃபில்டர். வாசனை அங்கே மாட்டிக்கொள்ளும்.

இதில் நான் மதிக்கும் விஷயம், சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் இடம். ஊதுவத்தியைக் கொளுத்திக் கதவு இடுக்கில் பிடி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார் என்கிறார்கள். செலவு பத்துப் பைசா. நம்ம ஊர் பல மாடிக் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனை நம் பாத்ரூம் வழியாக வருவது ஏன் என்று இந்த ஒரு ஊதுவத்தியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கரியைப் பற்றியும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆக்டிவேட்டட் கார்பன் என்பது நுண்துளைகளால் ஆன கரி. ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். வாசனை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் துளைகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், ஃபில்டர் மந்தமாகும். இது சரியான எச்சரிக்கை.

அந்த வாசனை எது என்பதிலும் சுவாரசியமான கதை இருக்கிறது. கஞ்சா வாசனைக்கு டெர்பீன்கள் காரணம் என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் வந்த ஓர் ஆய்வு, அந்தக் குறிப்பிட்ட குப்பென்ற நெடிக்குக் காரணம் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் என்று காட்டியது. அவற்றின் அமைப்பு பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்களைப் போன்றது. பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனவர்களுக்கு அந்த ஊர் வீடுகளின் பூண்டு வாசனை தெரியும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு வீட்டில் எந்த ஃபில்டரும் கிடையாது, வாசனை தெருவுக்கே வரும், யாரும் ஒளிக்க மாட்டார்கள். கஞ்சா வளர்ப்பவர்களின் எழுத்து முழுக்க ஒளிப்பதைப் பற்றிய எழுத்து. அதன் குறைகள் எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கில் ஓட்டை

சின்ன குறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அறையின் கன அளவைக் கண்டுபிடி, நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் காற்று முழுக்க மாற வேண்டும், அதுதான் ஃபேன் அளவு. எதை எடுத்தாலும் இதே சூத்திரம். சர்வர் ரூம் பார்த்த யாருக்கும் இது இடிக்கும். சர்வர் ரூமுக்கு ஏசி எடுக்கும்போது அறை எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்க மாட்டோம், உள்ளே எத்தனை வாட் எரிகிறது என்று கேட்போம். காலி அறைக்கும் நானூறு வாட் அறைக்கும் ஒரே ஃபேன் எப்படிச் சரியாகும்?

நானூறு வாட் வெப்பத்தை, வெளியைவிட 5 டிகிரி கூடுதலுக்குள் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று 1.2 கிலோ. கணக்கு போட்டால் நிமிஷத்துக்கு 4 கனமீட்டர் காற்று வேண்டும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். அங்கே ஒரு கனமீட்டர் காற்று சுமார் 0.95 கிலோதான். அதே வெப்பத்துக்கு 5 கனமீட்டர் வேண்டும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றும், ஆனால் தூக்கிப் போகும் சரக்கு குறைவு. ஹைதராபாத்துக்கும் கொடைக்கும் ஒரே அட்டவணை செல்லாது.

ஈரத்திலும் அப்படித்தான். வெளியே பனிமூட்டம் என்றால் ஜன்னலைத் திறக்காதே, ஈரம் உள்ளே வரும் என்று நம்மவர்களும் சொல்வார்கள், அவர்களும் எழுதுகிறார்கள். 10 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் பனிக்காற்றை உள்ளே இழுத்து 24 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். குளிர்ந்த காற்று நனைந்த மாதிரி தெரியும், ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் குறைவு. சூடு இல்லாத அறை 14 டிகிரியிலேயே இருந்தால் அதே காற்று 73 சதவீதத்தில் நிற்கும், சுவரில் பூஞ்சை வரும். ஆக, மலை வீட்டில் பூஞ்சைக்கு மருந்து காற்றும் சூடும் சேர்ந்துதான். ஜன்னலைச் சாத்துவது மருந்தே இல்லை.

இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். ஒரு ஃபேன் பெரிதாக வாங்கினால் தீர்ந்தது. அடுத்தது அப்படி இல்லை.

வாசனை போனால் காற்று சுத்தமா?

இந்த எழுத்தில் வெற்றிக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு. அவருக்கு எதுவும் தெரியவில்லை என்றால் சிஸ்டம் வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்பது நியாயமான அக்கறைதான், ஜெர்மன் சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் மூக்கு ஒரு மோசமான சென்சார். சில கந்தகச் சேர்மங்களைக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் பிடித்துவிடும். ஆளைக் கொல்லும் வாயுவை அறை நிறைய வைத்தாலும் பிடிக்காது. மென்பொருளில் இதற்குச் சமமான தவறு, லாகில் எர்ரர் எதுவும் வரவில்லை, ஆகவே புரோகிராம் சரி என்று நினைப்பது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஓசோன் ஜெனரேட்டர். பல கையேடுகளில் வாசனைக்கு ஒரு வழியாக இது வரும். ஓசோன் வாசனை மூலக்கூறுகளை உடைக்கும், உண்மை. நுரையீரலையும் அரிக்கும், மூக்கின் உணர்வையும் மழுங்கடிக்கும், அதுவும் உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மனிதர்கள் இருக்கும் அறையில் இதைப் பயன்படுத்துவதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இதே பெட்டி தங்கும் அறைகளில் சிகரெட் வாடையைப் போக்கவும் விற்கப்படுகிறது. வாடை போய்விடும், காற்று முன்பைவிட மோசமாகியிருக்கும்.

இரண்டாவது, இன்னும் பயங்கரம். வாசனை வெளியே போகக் கூடாதென்றால் அறையை முழுசாக மூடிவிடு என்ற யோசனை. மூடிய பிறகு செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு பற்றாது. அதற்காக உள்ளேயே ஒரு கேஸ் பர்னரை எரிக்கச் சொல்கிறார்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் இருப்பதை 1,200, 1,500 வரை ஏற்றலாம் என்று அட்டவணை. மூடிய அறையில் எரியும் நெருப்புக்கு ஆக்சிஜன் குறைந்தால் அது கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கரி ஃபில்டர் அதைப் பிடிக்காது. சாதாரண வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு அந்தத் துளைகளில் ஒட்டாமல் நேராகப் போய்விடும். நான் படித்தவற்றில் வாசனைக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. இதற்கு ஒரு வரி, சிலவற்றில் அதுவும் இல்லை.

வீடு என்று ஒன்று இருக்கிறது

இங்கேதான் என் காட்டேஜ் கதை வருகிறது. இந்த எழுத்துக்கு அந்த அறைதான் உலகம். அறை ஒரு வீட்டுக்குள் இருக்கிறது, அந்த வீட்டில் நெருப்பு இருக்கலாம் என்ற நினைப்பே இல்லை. ஃபேன் இழுக்கும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னல் சாத்தி, இடுக்கில் துண்டு வைத்திருந்தால் மிச்சம் இருக்கும் பெரிய ஓட்டை புகைபோக்கிதான். கணப்பும் பழைய மாடல் கேஸ் கீசரும் புகையை மேலே தள்ளுவது மெஷினால் இல்லை, சூடான காற்றின் இலேசால். அந்த இழுவை மிகப் பலவீனமானது. வீட்டுக்குள் அழுத்தம் ஒரு 5 பாஸ்கல் குறைந்தாலே, அதாவது அரை மில்லிமீட்டர் தண்ணீரின் எடை அளவுக்கு, இழுவை திரும்பிவிடலாம்.

நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது இழுவை பலமாக இருக்கும். அது தணலாக அடங்கிய பிறகுதான் ஆபத்து. புகைபோக்கி ஆறிப்போய் இழுவை குறையும், அதே நேரத்தில் தணல் விடும் கார்பன் மோனாக்சைடு அதிகமாகும். புகை கண்ணுக்குத் தெரியாது, கரிக்காது. எல்லாரும் தூங்கும் நேரம். எங்களுக்குப் புகை கண்ணை எரித்ததால் தப்பித்தோம். தணலாக இருந்திருந்தால் நான் மூன்று தடவை டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டேன்.

இது பயமுறுத்தல் இல்லை. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த இளைஞர்கள் இருவர், தங்கிய அறைக்குள் பார்பிக்யூ அடுப்பின் கரி தணலோடு தூங்கி, காலையில் எழுந்திருக்கவே இல்லை. செய்தியைப் படித்தபோது பொதுவாக ஒரு பரிதாபம் வந்தது. கணப்புப் புகைக்குப் பிறகு மறுபடி தேடிப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. கரி தணலில் புகை இல்லையே, அதனால்தான் உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். விறகாக இருந்திருந்தால் இருமி வெளியே ஓடியிருப்பார்கள்.

மணமில்லாத காற்றின் கதை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் 591 பேருக்கு நிறுவனம் உதவித்தொகை கொடுக்க உடன்பாடு ஆனது. தொழிலாளர்களின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. இந்தக் குறிப்புக்கு வேண்டியது ஒரே எண். 20 டிகிரியில் திறந்து கிடக்கும் பாதரசம், காற்றோட்டமில்லாத அறையில், கனமீட்டருக்கு 14 மில்லிகிராம் வரை ஆவியாக நிரம்பலாம். வேலையிடங்களுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார அறிஞர்கள் பரிந்துரைக்கும் வரம்பு 0.025. ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதற்கும் மணம் இல்லை. சாதாரணக் கரி அதையும் சரியாகப் பிடிக்காது, கந்தகமோ அயோடினோ ஏற்றிய கரி வேண்டும். அப்படிப்பட்ட அறையில் நின்றவருக்குத் தன் மூக்கை நம்பி ஒரு முடிவும் எடுத்திருக்க முடியாது.

கரி எங்கிருந்து வருகிறது

கடைசிக் குறை. நல்ல ஃபில்டர் என்றால் தேங்காய்க் கரி என்று எல்லாக் கையேடும் அடித்துச் சொல்கிறது. தேங்காய் எங்கே காய்க்கிறது என்று எதுவும் சொல்வதில்லை. இந்தக் கரி பெரும்பாலும் இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து போகிறது. பழனியிலிருந்து தாராபுரம் வழியாகக் காங்கேயம் போனால் கொப்பரைக் களங்களுக்கு நடுவே தொட்டிக்கரி சுடும் இடங்களைப் பார்க்கலாம். கொட்டாங்குச்சிக்கு அந்தப் பக்கம் தொட்டி என்று பேர். காற்றைக் குறைத்து எரித்தால் மூன்று கிலோ தொட்டிக்கு ஒரு கிலோ கரி தேறும். மிச்சம் இரண்டு கிலோ? புகை, தார், ஆவி. அந்த வாயுவைப் பிடித்து மறுபடி எரித்துச் சூட்டுக்குப் பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு. திறந்த குழியில் சுட்டு அப்படியே வானத்தில் விடும் இடங்களும் உண்டு. சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் புகையைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் வருஷக்கணக்காகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கரி பிறகு 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வெந்து, ஆக்டிவேட்டட் கார்பன் ஆகி, கப்பலேறி, டொரொண்டோவில் ஒரு வீட்டு அலமாரிக்குள் போகிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாசனையும் வருவதில்லை. கஞ்சா வளர்ப்பவர் வாங்குவது இந்த வியாபாரத்தில் ஒரு சிறு துளிதான், பெரும்பங்கு தண்ணீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுக்கவும் போகிறது. என் வீட்டு வாட்டர் ஃபில்டரிலும் இதே கரிதான். இதை எழுதுவதற்கு முன்னால் நானும் அதைக் கேட்டதில்லை. ஆனால் காற்றைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவர்களுக்கு அந்தப் புகைக்கு ஒரு பத்தி ஒதுக்கத் தோன்றியிருக்க வேண்டாமா?

முடிவாக, இந்த எழுத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழுத்தம், ஓட்டம், ஈரம் மூன்றையும் சாதாரண மனுஷனுக்குப் புரிய வைப்பதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒளிப்பதற்காக எழுதப்பட்டதால் வாசனையைக் காற்றின் இடத்தில் வைத்துவிட்டார்கள். வாசனையை அடக்குவது பக்கத்து வீட்டுக்காரருக்காக. காற்றோட்டம் உள்ளே மூச்சு விடுபவருக்காக. இரண்டையும் ஒரே ஃபேன் செய்வதால் இரண்டும் ஒரே வேலை ஆகிவிடாது.

இந்த சீசனில் மலைக்குப் போகிறவர்களுக்கு: கணப்பு எரிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டாம், இல்லை என்றால் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள். கரி அடுப்பு எந்தக் காரணத்துக்காகவும் அறைக்குள் வரக் கூடாது, அணைந்த மாதிரி தெரிந்தாலும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு, பார்த்து வாங்குங்கள். நான் ஒன்று வாங்கி டிராவல் பேகிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பாக்கெட் ஊதுவத்தியும். போன மாசம் ஏற்காடு போனபோது ரூமுக்குள் நுழைந்ததும் கொளுத்திக் கணப்பின் வாயில் பிடித்தேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து ரூம் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.